கன்று இல்லாத மாட்டின் பால்

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வழிகள் தெரியும். பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது ஒன்று. சாய்த்துப் பிடித்த தட்டில் ஓடவிட்டு, பின்னால் வெள்ளைக் கோடு நிற்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது பால்மானி. பாடசாலை ஆய்வுகூடத்து அலுமாரியில் தூசி பிடித்துக் கிடந்த அந்தக் கண்ணாடிக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கண்டியைச் சுற்றி ஒரு மாதம் பால் தேடி அலைந்தவள் நான். விஞ்ஞான ஆசிரியை. என்னை யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அம்பிட்டியவில் மலைச்சரிவு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மழைக்காலத்தில் அந்த வீட்டில் துணி காயாது, சுவர் வேர்க்கும், அலுமாரிக்குள் செருப்புப் பூத்துப்போகும். பிள்ளையின் நெஞ்சு பூனை உறுமுவதுபோல் கொறகொறக்கும். டொக்டர் கொடுத்த பம்ப்பை வாயில் வைத்து அழுத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் வந்தது. பம்ப்பின்மேல் இல்லை. என் பிள்ளைக்கு இது தேவைப்படுகிறது என்பதன்மேல்.

கைபேசியில் தாய்மாருக்கென்று ஒரு குழு இருந்தது. அதில் ஒருத்தி எழுதியிருந்தாள்: பச்சைப்பால் கொடுக்கத் தொடங்கியபின் தன் மகனுக்கு முட்டு வரவே இல்லையாம். காய்ச்சினால் பாலின் உயிர் போய்விடுமாம். பத்தாம் வகுப்புக்கு நுண்ணங்கிகளைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு வந்து, முகம் தெரியாத ஒருத்தி எழுதியதை பஸ்ஸில் இருந்து நாலு தரம் வாசித்தேன். படித்த முட்டாள் என்று சொல்வார்களே, உதாரணம் கேட்டால் என்னைக் காட்டலாம்.

கணவர் வங்கியில் வேலை. அதிகம் பேசாதவர். நான் விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நல்ல பால் எங்கை வேணுமெண்டாலும் தேடி வாங்கும். ஆனால் காய்ச்சாமல் ஒரு சொட்டும் பிள்ளைக்குக் குடுக்கக்கூடாது. விளங்குதே?"

"ஓம்," என்றேன். எனக்கு விளங்கித்தான் இருந்தது.

முதலில் அம்பிட்டியவிலேயே ஒரு வீட்டில் சோடாப் போத்தலில் விற்றார்கள். நகத்தில் விட்டதும் வழிந்து ஓடியது. பேராதனைப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்குப் போனேன். எல்லா மாட்டின் பாலும் ஒரே பெரிய கேனில் விழுந்தது. சின்னப் பிள்ளைக்கு ஒரே மாட்டின் பாலைத்தான் கொடுக்கவேண்டும், கலந்த பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்வது. அந்தப் பண்ணைக்காரரிடம் ஒரு மாட்டின் பால் மட்டும் தனியாக வேண்டும் என்றபோது, சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் கெலிஓயாவில் கிடைத்தது. என் பாடசாலை அந்த வழியில்தான். பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு முஸ்லிம் குடும்பம் இரண்டு மாடு வைத்திருந்தது. வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் நானா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். சீமெந்துத் தரை, குழாயடித்துக் கழுவிய மாட்டுக்கொட்டில், கறப்பதற்கு முன் மடியைத் துடைக்கத் தனித் துணி. நான் பால்மானியை வெளியே எடுத்ததும் அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அளவுக்கோப்பையைத் தானே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அளவு நன்றாக இருந்தது.

ஒரே மாட்டுப் பால்தான் வேண்டும் என்றேன்.

"அதுக்கென்ன டீச்சர், தரலாம். இந்தக் கறுத்த மாட்டுக்குக் கன்று இரிக்கி. அதுக்கு உட்டுட்டுத்தான் கறக்கிற. அந்தா நிக்கிற சிவத்த மாட்டுக்குக் கன்று இல்ல. வயித்துல ஏழாம் மாசத்திலயே செத்து விழுந்துட்டு. பால் கொஞ்சமாத்தான் வருது. எதுலேந்து வேணும்?"

அந்த நேரம் கறுப்பு மாட்டின் கன்றைத் தூணில் கட்டியிருந்தார்கள். அதன் வாயில் நுரை. கயிறு கழுத்தை அறுக்கும் அளவுக்குத் தாயை நோக்கி இழுத்தது. நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவக்காரர். ஒரு குட்டியின் வாயிலிருந்து பறித்ததை என் பிள்ளைக்குக் கொடுக்கிறேனே என்று மனம் பொறுக்கவில்லை. சிவப்பு மாட்டின் பால் யாருக்கும் சேராத பால், யாருடைய வயிற்றெரிச்சலும் இல்லாத பால் என்று எனக்குப் பட்டது. அதைத்தான் கேட்டேன். கேட்டபோது நெஞ்சுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஏழு மாதச் சினையிலேயே ஒரு மாடு ஏன் கன்றைப் போட்டது என்று நான் கேட்கவில்லை. நகம், தட்டு, பால்மானி, துணி, தரை, கை, எல்லாம் சோதித்தேன். கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை.

போத்தலை மூடித் தரும்போது நானா சொன்னார்: "காய்ச்சித்தானே எடுக்கிற? எங்கட ஊட்டுல நல்லாப் பொங்க வெச்சித்தான் குடிக்கிற."

"தெரியும் நானா, நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்," என்றேன். அந்தச் சொல்லை நினைக்கும்போது இன்றும் என் வாயிலேயே ஓர் அடி போடலாம்போல் இருக்கிறது.

பின்னேரக் கறவைப் பாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் நாலரைக்கு வீடு. கணவர் வர ஆறு மணியாகும். அந்த ஒன்றரை மணித்தியாலம் என்னுடையது. ஒரு கப் பாலைத் துணியில் வடித்து அப்படியே மகளுக்குக் கொடுப்பேன். மீதியை அவர் வந்தபின், அவர் கண் முன்னால், பொங்கப் பொங்கக் காய்ச்சித் தேநீர் போடுவேன். அடுப்பங்கரை முழுக்கப் பால் மணக்கும். அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மா, மாடு மணக்குது," என்று மூக்கைச் சுளிப்பாள்.

"குடி குஞ்சு. முட்டு போயிடும். அப்பாவிட்டை மட்டும் சொல்லாதை. இது எங்கட ரெண்டு பேற்றை ரகசியம்."

ரகசியம் என்றதும் அவளுக்குப் பெரிய மனுஷியாகிவிட்ட சந்தோஷம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். குடித்து முடித்ததும் கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் முட்டு வரவில்லை. மழை விட்டிருந்தது, காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நான் குழுவில் எழுதினேன், என் மகளுக்கும் சுகம் என்று. எத்தனை பேர் அதை வாசித்தார்கள், எத்தனை பேர் நம்பினார்கள் என்று தெரியாது.

இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. பின்னேரமானால் ஏறும், விடிந்தால் உடம்பெல்லாம் வேர்த்து இறங்கிவிடும். டெங்கு என்று பயந்து ரத்தம் பார்த்தோம். இல்லை. ஒரு கிழமை விட்டு மறுபடி வந்தது. பிள்ளை மெலிந்தாள், சட்டை தோளில் நிற்கவில்லை. பாலைக் கூட்டிக் கொடுத்தேன். ஆம், கூட்டிக் கொடுத்தேன். சத்துப் போதவில்லை என்று நினைத்தேன்.

பிறகு ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கியவள் வலது காலை ஊன்றாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு மூட்டில் நோ. அன்றே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம்.

வாட்டில் ஓர் இளம் பெண் டொக்டர். சிங்களவர், ஆனால் நிதானமாகத் தமிழ் பேசினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் நான். வீட்டில் நாய், பூனை உண்டா, யாருக்காவது காசம் இருந்ததா, வெளியூர் போனீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அதன்பிறகு, "பச்சைப் பால் ஏதும் குடிக்கிறதா?" என்றார்.

கணவர் எனக்கு முன்னே பதில் சொன்னார். "இல்லை டொக்டர், இவ நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கிறவ." அந்தக் குரலில் என்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. டொக்டர் அதை எழுதாமல் மகளைப் பார்த்தார். "பிள்ளை சொல்லுங்க. காய்ச்சாத பால் குடிச்சதா?"

அவள் என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த கண். என் முகத்தில் அவள் என்னத்தைக் கண்டாளோ, எனக்குத் தெரியாது. "இல்லை," என்றாள். நன்றாக, தெளிவாகச் சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டார்.

வெட்கம். வேறு ஒன்றுமில்லை. கணவர் முன்னால், அந்தச் சின்ன டொக்டர் முன்னால், விஞ்ஞான ஆசிரியை வெட்கப்படக்கூடாதாம். பிறகு தனியாகச் சொல்லலாம் என்று அன்று நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். பதினொரு நாள் நினைத்தேன்.

அந்தப் பதினொரு நாளில் அவர்கள் காசம் தேடினார்கள். மூட்டிலிருந்து நீர் எடுத்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று எலும்பு மச்சை எடுத்துப் பார்க்க முடிவு செய்தார்கள். கணவர் கையெழுத்துப் போட்டார். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறோம் என்று தாதி சொன்னா. மரத்திருக்கவில்லை. "அம்மா" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது சொல்லாக இல்லை, வெறும் சத்தம். கணவர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு குந்திவிட்டார்.

நான் அப்போதாவது கதவைத் தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. எல்லாம் முடிந்து டொக்டர் வெளியே வந்தபோதுதான் அவரின் பின்னால் போய், படிக்கட்டடியில் மறித்துச் சொன்னேன். குறைமாதத்தில் கன்று போட்ட மாடு என்பது உட்பட, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எத்தனை மாதம், எவ்வளவு பால் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, வந்த வழியே வாட்டுக்குத் திரும்பி நடந்தார். மாட்டுக்குக் கன்றைக் கலைக்கும் ஒரு நோய், பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் காய்ச்சலாக வருமாம்; அதற்கு ரத்தம் பார்த்தார்கள். அதுதான்.

அன்று பின்னேரமே கணவருக்கும் சொன்னேன். கன்டீன் மேசையில் தேநீரைத் தள்ளி வைத்தார்.

"எனக்குச் சொல்லாட்டிலும் பரவாயில்லை. பிள்ளையை ஏன் பொய் சொல்லப் பழக்கினீர்?"

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு தரமும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கும் ஒரு பாரம் இருக்கிறது. நான் தினமும் தாங்குகிறேன்.

கெலிஓயாவுக்கும் போய்ச் சொன்னேன். மிருக வைத்தியர் வந்து இரண்டு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். சிவப்பு மாட்டுக்கு நோய் இருந்தது. கொண்டுபோய்விட்டார்கள். கறக்கும் கை என்பதால் நானாவையும் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். "எனக்கும் மூணு மாசமா முதுகு நோவுதான் டீச்சர், வயசுக்கு வாறதெண்டு நெனச்சன்," என்றார். அவருக்கும் அதே மருந்து எழுதினார்கள். காய்ச்சச் சொன்னேனே என்று அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அவரின் மனைவி எனக்குக் கதிரை போட்டு, பிள்ளைக்கு எப்படி என்று கேட்டா. நான் உட்காரவில்லை.

மருந்து பல கிழமை போனது. காய்ச்சல் நின்றது. இடுப்பு மூட்டில் தேய்ந்தது தேய்ந்ததுதான் என்றார்கள். இன்னும் கொஞ்சம் முந்தித் தெரிந்திருந்தால் என்று ஒரு டொக்டர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். மகள் இப்போது நடக்கிறாள். வலது கால் கொஞ்சம் இழுக்கும். அம்பிட்டிய ஏற்றத்தில் மூன்று இடத்தில் நிற்போம்.

மாதம் ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன மாதம், பயிற்சி கொடுப்பவர் காலை மடக்கி மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். "நோகுதா?" என்று கேட்டார். "இல்லை," என்றாள். இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இப்ப?" "இல்லை." அவளின் கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. அவருக்கு அது தெரியவில்லை. நான் நின்ற பக்கத்திலிருந்து தெரிந்தது. போதும், நிறுத்துங்கோ என்றேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு முன்னால் குந்தி இருந்துகொண்டு கேட்டேன். "உண்மையைச் சொல்லு குஞ்சு. நோகுதோ இல்லையோ?"

அவள் என்னைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு, வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல், மெல்லக் கேட்டாள்.

"என்னெண்டு சொல்ல வேணும், அம்மா?"