பல்செட்டு வளர்த்த ஆப்பிள்

"கொட்டையைக் குப்பையில போட்டுடாதீங்க. இப்படிக் குடுங்க" என்று உள்ளங்கையை நீட்டுகிறார். கொடுத்த ஆப்பிளை நான் இன்னும் பாதிகூடத் தின்னவில்லை.

பொய்ப்பல் செய்வது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பெயரே 'பல்செட்டு'தான். முன்னறை அலமாரி நிறைய, வெள்ளைச் சாந்தில் வார்த்த வாய்கள் இளித்துக்கொண்டிருக்கின்றன. சமையலறை ஃப்ரிட்ஜில், வெண்ணெய்க்குப் பின்னால், ஈரத்துணியில் சுற்றிய ஆப்பிள் விதைகள். சில மாதம் குளிரில் கிடந்தால்தான் அவை முளைக்குமாம். "தக்காளி வைக்க இடமில்ல, விதைக்கு ஏசி கேக்குது" என்பது மனைவியின் ஓயாத புகார்.

முளைத்தவற்றில் ஒன்று கொல்லையில் கூரையைத் தாண்டிவிட்டது. சண்டை அங்கேதான். வீடு அவருக்கும் அவர் அக்காவுக்கும் பொது. அந்த இடத்தில் காரை நிறுத்த வேண்டும் என்கிறார் அக்கா வீட்டுக்காரர்.

"ஒட்டுக்கன்னு வாங்கி வெச்சிருந்தா சரி. கொட்டையில முளைச்சது என்ன ஜாதியோ, யாரு கண்டா?"

மரத்திடமும் ஜாதி கேட்கிற வாய் நம்முடையது! மனிதரிடம் பழகிய அயோக்கியத்தனம். பழத்தைத் தின்று பார்ப்பதற்கு முன்பே பிறப்பை விசாரித்தாக வேண்டும்.

பல்செட்டு கோபப்படவில்லை. "விதையில வந்தது தாய் மாதிரி காய்க்காது மச்சான். ஒரே பழத்துக் கொட்டைகூட ஆளுக்கொரு தினுசு. நாள் பூரா அச்சு எடுக்கிறவன் நான். அச்சுல வராதது ஒண்ணாவது இந்த வீட்டுல இருக்கட்டுமே."

"முதல் பழம் நல்லா இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா ரம்பம்தான். உங்க அக்காவே தின்னு சொல்லட்டும்."

பல வருடம் கழித்து இந்த வருடம் காய்த்தது. ஒரே ஒரு பழம். பறித்த அன்று நானும் இருந்தேன். தம்பி செய்து கொடுத்த பல்லால், தம்பி வளர்த்த பழத்தை அக்கா கடித்தார். முகம் கோணியது. கண்ணில் நீர் கோத்தது.

"புளிப்பா?" மச்சான் ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"பல்லு கூசுதுங்க."

"பொய்ப்பல்லு எங்க கூசும்!"

அக்கா இன்னொரு கடி கடித்தார். நிதானமாக மென்றார். "கடையில விக்கிறதெல்லாம் சப்புன்னு சக்கரைத் தண்ணி. இதுக்கு ரோஷம் இருக்கு. ரம்பத்தை உள்ள வைங்க. காரு தெருவுலயே நிக்கட்டும்."

மூன்றாவது கடிக்கு வாயைத் திறந்தார். பல்செட்டு அக்காவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவருடைய மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார்.