மருமகள் நீக்கச் சொன்ன காணொளி

அக்காவின் மகள் என்மீது முறைப்பாடு செய்திருக்கிறாள் என்பதை வேலைத்தலத்தில் உடுப்பு மாற்றும் அறையில் வைத்துத்தான் அறிந்தேன். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். காலை வேலை முடிந்து கைப்பேசியைப் பார்த்தால், தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கடிதம். நான் வெளியிட்ட ஒரு காணொளியை நீக்க ஏன் மறுக்கிறேன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். முறைப்பாட்டாளர் என்ற இடத்தில் என் மருமகளின் பெயர்.

அந்நாட்களில் நான் இணையத்தில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நடத்திவந்தேன். ஒரு கமெரா, இரண்டு விளக்குகள், நான், அவ்வளவுதான். கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா என்று எடுத்துப் போடுவேன். லண்டனிலும் கனடாவிலும் பார்த்தார்கள். மேடைகளில் என்னை ஊடகவியலாளர் என்று அழைத்தபோது மறுக்கவில்லை. எங்கள் நாட்டில் எழுதியதற்காக ஆட்களைக் கொன்றார்கள், இங்கே ஐரோப்பியச் சட்டமே எனக்குப் பின்னால் நிற்கிறது என்று பலமுறை பேசியிருக்கிறேன். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பக்கங்களை மட்டுமே வாசித்திருந்தேன்.

நீக்கச் சொன்னது அவளுடைய சாமத்திய வீட்டுக் காணொளி, அதாவது பூப்புனித நீராட்டு விழா. அக்கா குடும்பம் இருக்கும் ஸ்கீவ நகரில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தாய்மாமனாகத் தண்ணீர் வார்த்தவனும் நான்தான், பிறகு அந்தப் படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவனும் நான்தான். முழு நேரமும் அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைக்குரிய வெட்கம் என்று அதையும் வர்ணித்தேன்.

அடுத்த வருடம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, அந்த வீடியோவை எடுத்துவிடுங்கோ. வகுப்பில பாத்திட்டினம்."

"பாத்தால் என்ன பிள்ளை? அது எங்கட பண்பாடு. அதில வெக்கப்பட என்ன இருக்கு?" என்று சிரித்தேன்.

பக்கத்தில் நின்ற அக்காவின் குரலும் கேட்டது. "லண்டனில இருந்தெல்லாம் வடிவா இருக்கெண்டு கதைச்சவை. இவளுக்கு விசர்."

"சரி" என்று சொல்லி மருமகள் வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவாள். வளருகிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு வருடம் கழித்து டேனிஷ் மொழியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மாமா என்ற சொல் அதில் இல்லை. சிறுவயதில் தன்னைப் பற்றி வெளியானதை நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி தருகிறது என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அதே ஒழுங்குவிதி ஊடகப் பணிக்கு விதிவிலக்குக்கு இடம் விடுகிறது, ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனம் பண்பாட்டுப் பன்மையை மதிக்கிறது என்று பதில் எழுதினேன். கீழே பிரதம ஆசிரியர் என்று கையெழுத்து வைத்தேன். சொந்தத் தமக்கையின் பிள்ளைக்கு. அதன் பிறகுதான் அவள் அதிகாரசபைக்குப் போயிருக்கிறாள்.

அவர்களுக்குக் கொடுக்கும் விளக்கத்தோடு காணொளியில் பேசப்படுவதை டேனிஷில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை குசினி மேசையில் உட்கார்ந்தேன். மண்டபம், பூ அலங்காரம், வந்திருந்த உறவினர்கள் எல்லாம் இலகுவாகப் போனது. பிறகு 'பெரியபிள்ளை ஆகியிருக்கிறார்' என்று என் குரல் திகதியோடு சொன்னது. டேனிஷில் அதை மூடிச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. முதல் மாதவிடாய் என்றுதான் எழுத முடிந்தது. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். பெயர், பாடசாலை, நாள், அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் முகம். அடுத்த வசனம், இனி மாப்பிள்ளை தேடுவதுதான் மாமனுக்கு வேலை என்ற பகிடி. அதை என்னால் எழுதவே முடியவில்லை. காணொளிக்குக் கீழே முன்பின் தெரியாத ஆண்கள் அவளுடைய அழகைப் பற்றிக் கருத்து எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் நன்றி சொல்லியிருந்தேன்.

வேலையில் நான் குளிப்பாட்டுகிற கிழவர்களின் பெயரை என் மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. குளியலறைக்குள் யாராவது கைப்பேசியோடு வந்தால் முதலில் சத்தம் போடுவது நான்தான். மனைவி தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காணொளியை அழித்தேன். நீக்கிவிட்டேன் என்று மட்டும் அதிகாரசபைக்கு ஒரு வரி எழுதிவிட்டு ஸ்கீவவுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். மருமகள் படியிறங்கி வந்து நின்றாள்.

"எடுத்திட்டன் பிள்ளை. மாமாவை மன்னிச்சுக்கொள்."

அவள் டேனிஷில்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "முதலில் உங்களிடம் தமிழில்தானே கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். சட்டத்தைத் தேடி வாசிக்கிற வயது வரும்வரை பொறுத்திருந்தேன்."

நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அக்காதான் வாயைத் திறந்தாள். "எல்லாரும் செய்யிறதுதானேயடி..." மகள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பிறகு, "நானும்தானே போடச் சொன்னனான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிறகு மற்றப் பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக் காணொளிகளையும் எடுத்துவிட்டேன். ஒரு தகப்பன் தொலைபேசியில் சண்டைக்கு வந்தார்.

"என்ர மகள் ஒண்டும் கேக்கேல்லையே. ஏன் எடுத்தனீங்கள்?"

"போடேக்க நாங்கள் அவவைக் கேட்டனாங்களோ அண்ணை?"

அவர் அதோடு என்னுடன் கதைப்பதில்லை. நானும் நாளடைவில் கமெராவை விற்றுவிட்டேன்.

ஆனால் அழித்தது அழியவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து நடத்தப்படும் ஓர் இணையத்தளம் என் காணொளியை முன்பே பிரதி எடுத்துப் போட்டிருந்தது. மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. அந்த ஒழுங்குவிதியைக் காட்டியும் எழுதினேன். யாரும் அசையவில்லை. இதை அவளிடம் சொல்லப் பல நாள் தயங்கி, கடைசியில் கூப்பிட்டேன்.

"ஓம் மாமா, தெரியும்," என்றாள் தமிழில். "நானும் எழுதினனான். அவை எடுக்க மாட்டினம்."

அவள் அழுதிருந்தாலோ ஏசியிருந்தாலோ எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். படிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தாள்.