விருந்தாளி கையில் கரணை: முகையூர்ப் பக்கம் ஆறு நாள்

போன பிப்ரவரியில் பிலிப்பைன்ஸிலிருந்து எட்டுப் பேர் கொண்ட கத்தோலிக்கப் பணிக்குழு ஒன்று முகையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது. கோயிலுக்குப் பின்னால் பெண்களுக்குக் கழிவறை கட்டுவதில் கைகொடுக்கத்தான் வந்தார்கள். அந்த ஊருக்குப் பங்குச் சாமியார் என் தம்பி. "அக்கா, நீ கூட இருந்து மொழிபெயர்த்தா போதும், வேற வேலையே இல்ல" என்றான். இப்படிச் சொல்லித்தான் எல்லாவற்றிலும் என்னை மாட்டிவிடுவான். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு குழு வருவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு வரவேற்பு பேனர் அடியுங்கள்.

சென்னை விமான நிலையத்திலிருந்து காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். கிராமம்வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர். வேன் வாடகை 8,500 ரூபாய், டோல் தனி. "ஜல்தியா போயி இன்னா பண்ணப் போறோம்? திண்டிவனத்துல டிபன் சாப்ட்டுக்கினு போலாங்க" என்றார் டிரைவர். எட்டரைக்குத் திண்டிவனம், பொங்கல் வடை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, குழுத் தலைவி ரோசா மட்டும் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் செங்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தாறு வயது. தன் ஊரில் முப்பது வருடமாகக் கொத்தனார் வேலை. நம் ஊரில் பெண்ணைச் சித்தாளாகத்தான் பார்த்திருக்கிறேன், கொத்தனாராகப் பார்த்ததே இல்லை.

விழுப்புரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பதினொன்றரைக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். மாலை, மேளம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. ரோசாவும் நானும் ஆரோக்கியமேரி வீட்டில் தங்கினோம். அவர் இந்தக் கழிவறைக் கட்டடத்தில் சித்தாள். வீட்டிலிருந்த ஒரே கட்டிலை ரோசாவுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். விடிவதற்குள் எங்கள் இருவருக்கும் வெந்நீர் தயார். இப்படி ஒரு கவனிப்பு எந்த லாட்ஜிலும் கிடைக்காது.

சிக்கல் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. ரோசா துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த, கலவை பூசும் தன் கரணையை எடுத்தார். உள்ளூர்க் கொத்தனார் ஏழுமலை அதை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். விருந்தாளி யார் செங்கல்லைத் தொட்டாலும் ஒருவர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். மணிக்கொரு இளநீர். மற்ற ஏழு பேரும் பிள்ளைகளோடு பாட்டு, பந்து என்று சந்தோஷமாகிவிட்டார்கள். ரோசாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"ரெண்டு வருஷம் காசு சேர்த்துவெச்சு வந்தேன், நாற்காலியில உட்காரவா? நாலு நாள்ல கிளம்பணும். இந்தச் சுவர்ல என் கை படாமலே போகணுமா?" என்று இரண்டாம் நாள் மாலை என்னிடம் கேட்டார். அதை ஆரோக்கியமேரியிடம் சொன்னேன்.

"மேடம் அவங்க ஊர்ல மேஸ்திரியா இருக்கட்டுங்கக்கா. நம்ம ஊட்டுக்கு வந்தவங்கள வேலை செய்ய உட்டா ஊரு என்னைக் காறித் துப்பாதா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நடுவில் எனக்குத்தான் பேஜார்.

மூன்றாம் நாள் மதியம் கோழிக்குழம்பு. ரோசா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், கை வைக்கவில்லை. "வேலை செய்யாமல் சாப்பிட மாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். நான் மொழிபெயர்ப்பதற்குள் ஆரோக்கியமேரிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லப்போனால் எனக்கு ரோசாமேல் கோபம்தான் வந்தது. விடியற்காலையில் எழுந்து அம்மியில் அரைத்து வைத்த குழம்பு அது.

"சாப்டச் சொல்லுங்கக்கா. சாப்ட்டுக்கினு வந்து ஒரே ஒரு வரி செங்கல் கட்டட்டும். ஒண்ணுதான்" என்றார் ஆரோக்கியமேரி.

ரோசா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு வரி ஐந்து வரி ஆனது. ஏழுமலை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "எனக்கே இவ்ளோ சுத்தமா வராதுங்க" என்றார். மனசு நிறைந்து சொன்னார். கலவைச் சட்டி எடுத்துக் கொடுத்தது ஆரோக்கியமேரிதான். ரோசா கையை நீட்டுவதற்குள் செங்கல் வந்தது, கலவை தீர்வதற்குள் அடுத்த சட்டி வந்தது. என் மொழிபெயர்ப்பு தேவையே படவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது.

குழுவை அழைப்பவர்களுக்கு: வருகிறவர்கள் வேலை செய்யத்தான் வருகிறார்கள் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதல் நாளே கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பிப்ரவரி தாண்டினால் வெயில் தாங்காது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போதும். அவசரத்துக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கிளம்பும் நாள் காலை இட்லி. வந்த நாளிலிருந்து, சாப்பிட்டு முடித்ததும் எங்கள் தட்டை ஆரோக்கியமேரி பறித்துக்கொண்டு போய்விடுவார். அன்று அவர் எழுந்திருக்கவே இல்லை. தன் தட்டிலிருந்து நிமிராமல், "ரோசாக்கா, தட்டக் கழுவி வெய்யி" என்றார், கொல்லைப்பக்கம் கையைக் காட்டி.

ரோசா ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனார். நானும் என் தட்டோடு எழுந்தேன். ஆரோக்கியமேரி சட்டென்று எட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வெய்ங்கக்கா. நீங்க விருந்தாளி."