ஊதுபத்தி இல்லாத யோகா வகுப்பு

கிட்வாய் நகரில் நான் சமையல் வேலை பார்த்த வீட்டில், ஒரு காலை தீக்குச்சியை உரசியதும் கை மரத்துப்போனது. மூச்சு தொண்டையில் நின்றது. குச்சியை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

பிழைக்க வடக்கே வந்த தமிழர்களின் குடிசைப் பகுதியான எங்கள் கேம்ப்பில் ஸ்டவ் வெடித்து, எங்களுடையது உட்பட ஒரு வரிசைக் குடிசைகள் எரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. என் உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை. தப்பித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத் துடிப்பின் வரைபடம்) எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. மனநலப் பிரிவிலிருந்த பெண் டாக்டர்தான் நோயின் பெயரைச் சொன்னார்: மனக்காயம் (ஆபத்து முடிந்த பிறகும் அது நடந்துகொண்டிருப்பதாகவே உடல் நம்புவது). மாத்திரை எழுதித் தந்து, மூச்சுப் பயிற்சியும் செய்யச் சொன்னார்.

திரும்பக் கட்டிய எங்கள் குடிசையில் அடுப்பை என் கணவர் பற்றவைத்தார். வேலை வீட்டில் பாத்திரம் மட்டும் தேய்த்தேன். பத்து வருடம் சமைத்த கைக்கு அது பெரிய அவமானம்.

அந்தச் சமயத்தில் மோதி பாக் பகுதியிலிருந்து வசந்தா டீச்சர் எங்கள் பால்வாடி அறைக்கு வந்து யோகா வகுப்பு தொடங்கினார். தீயில் வீடிழந்த பெண்கள் பதினோரு பேர் போனோம். டீச்சர் ஊதுபத்தி ஏற்றினார், கதவைச் சாத்தினார், எங்களைப் படுத்துக் கண்ணை மூடச் சொன்னார். பக்கத்தில் படுத்திருந்த செல்வி எழுந்து வெளியே ஓடினாள்.

நான் கத்திவிட்டேன். "கண்ண மூடுனா புகைதான் டீச்சர் தெரியுது. நீங்க வேற பத்தி கொளுத்துறீங்க!"

அவர் கோபப்படவில்லை. பத்தியை அணைத்து வெளியே வைத்தார். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா. எப்படிச் செஞ்சா உங்களுக்கு முடியும்? நீங்களே சொல்லுங்க."

சொன்னோம். கதவு திறந்திருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லக் கூடாது. கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது. மூச்சை அடக்க வேண்டாம், மெதுவாக விட்டால் போதும். யார் வேண்டுமானாலும் பாதியில் எழுந்து போகலாம். மறுநாள் செல்வி திரும்பி வந்து வாசல் ஓரம் உட்கார்ந்தாள்.

பல வாரங்கள் வெறும் தீப்பெட்டியைப் பிடித்தபடி மூச்சு விட்டேன். பிறகு ஒரு மதியம், வகுப்பின் மற்றப் பத்துப் பேரும் சுற்றி நிற்க, குச்சியை உரசினேன். எரிந்தது. விரல் சுடும்வரை பிடித்திருந்தேன். "அடியே, போதும்டி, ஊதி அணை!" என்று செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த மாதம் கிட்வாய் நகர் அடுப்பு மறுபடி என் கைக்கு வந்தது.

இரண்டு வருடம் கழித்து யமுனைக் கரையில் இன்னொரு பஸ்தி, அதாவது குடிசைப் பகுதி, எரிந்தபோது, "இந்த வகுப்ப நீங்கதான் எடுக்கணும்" என்றார் டீச்சர். ஐந்தாவது மட்டுமே படித்த நான் பாதி இந்தியில் எடுத்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "தீதி, கித்னே தின் மே டீக் ஹோகா?" அக்கா, எத்தனை நாளில் சரியாகும் என்று.

நாள் கணக்கு எனக்குத் தெரியாது என்றேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். இன்றும் குடிசைகள் தீப்பிடிக்கும் வெயில் காலம் வந்தால் என் தோள்கள் தாமாகக் காதுவரை ஏறிவிடுகின்றன. முன்பு அவை ஏறியதே எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது, இறக்கிவிடுகிறேன். சில நாள் ஒரு மூச்சில் இறங்கும், சில நாள் அரைமணி ஆகும். அந்த அரைமணி நேரமும் என்னுடையதுதான்.