மச்சானின் பதக்கங்களைக் கல்லில் ஏற்றினேன்

எங்கள் ஊரில் என் பெயர் செதுக்கிய கற்கள் பல இடத்தில் இருக்கின்றன. பேருந்து நிழற்குடையில் இருக்கிறது, ஊர்ப் பொதுக் குழாயடியில் இருக்கிறது, சுடுகாட்டுக் கொட்டகையில்கூட இருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறத்தியார் களத்தில் வைக்கோல் சுமந்து வளர்ந்தவன். இன்றைக்கு வலங்கைமானிலிருந்து மன்னார்குடி வரைக்கும் அறுவடை முடிந்த வயலில் உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் கிடந்தால், அதில் பாதிக்கு மேல் என் மெஷின் கட்டியதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இவ்வளவு கல்லிலும் எனக்குப் பிடித்த கல் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. அதை நிறுத்துவதற்குள் நான் பட்ட பாட்டையும், பட்ட சந்தோஷத்தையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களின் பெயரை எழுதி ஒரு கல் வைக்கலாம் என்று தலைமை ஆசிரியைதான் ஆரம்பித்தார். கல் என் உபயம் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் அவரவர் வாங்கிய பதக்கங்களையும் போடுவதாகப் பேச்சு. சுதந்திர தினத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். விவரம் சரிபார்க்கிற வேலையை ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொடுத்தார்கள். அவரை ஊரில் எல்லாரும் கிளார்க் என்றே கூப்பிடுவோம். நல்ல மனுஷன்தான், ஆனால் நாக்கில் கொஞ்சம் உப்பு அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பழைய ராணுவத்துக்காரர்கள் எல்லாரும் தங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். என் மச்சானும் மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்தார். மச்சான் என்றால் என் சம்சாரத்தின் அண்ணன். இளம் வயதில் ஒரு சண்டையில் தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்து, இன்று வரைக்கும் வலது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். சண்டைக்குப் போனதற்கு ஒன்று, காயம்பட்டதற்கு ஒன்று என்று இரண்டு பதக்கம் வாங்கியவர். ஊரில் எல்லாருக்கும் இது தெரிந்த கதை.

கிளார்க் புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். பதக்கம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்றார். மச்சானுக்கே அது புதிது. ஓய்வு பெறும்போது பென்ஷன் பக்கத்தைப் பார்த்திருக்கிறார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை.

“சரி, புத்தகத்துல ஏறல. பதக்கத்தையாவது கொண்டாங்க, பாத்துட்டுப் போட்டுடுவோம்” என்றார் கிளார்க்.

மச்சான் மஞ்சள் பையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கிளார்க் சும்மா இருந்திருக்கலாம். “அப்ப அந்தக் கால்ல பட்டது குண்டுதானா, இல்ல ரேஷன் லாரில ஏறையில பட்டதா?” என்று கேட்டுவிட்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயரை மட்டும் போடுவோம், பதக்கம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்கள். மச்சான் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு காலைச் சாய்த்துச் சாய்த்து வெளியே போனார். அவர் பின்னாலேயே நானும் போனேன்.

வீட்டுக்குப் போனால் என் சம்சாரம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் பதக்கத்தோடு பெயர் வரும், அவள் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வெற்றிடம் இருக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் படிப்பார்கள்.

“எங்கண்ணன் பொய்யன்னு நீங்க வாங்கிக் குடுத்த கல்லுலயே எழுதப்போறீங்களா?” என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? மறுநாள் காலையில் திருவிடைமருதூர்ப் பக்கம் இருக்கிற கல் பட்டறைக்குப் போய், நான் சொல்கிற வரைக்கும் ஒரு எழுத்தும் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் கேட்டவர்களிடம், கல் என்னுடையது, எப்போது நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

மச்சானைக் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுதான், ஆனால் விஷயம் தெரிந்தவர். மச்சான் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், அதற்குப் பிறகு எங்கே போட்டார்கள் என்று கேட்டார். காயம் ஆறியதும் பழைய பட்டாளத்துக்கு அனுப்பாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று மச்சான் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். ஆள் ஒரு பக்கம் போக, பதக்கம் கொடுத்த உத்தரவு பழைய இடத்திலேயே நின்றுபோயிருக்கும், அடிக்கடி நடப்பதுதான் என்றார். திருத்தலாம். ரெக்கார்டு ஆபீசுக்கு மனு போட வேண்டும். ஆனால் தேடுவதற்கு அவர்களுக்கு ஒரு பிடி வேண்டும்.

“மெடலோட ஓரத்துல உங்க நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும் ஐயா. அதைத் தெளிவா போட்டோ எடுத்து, படிச்சுப் பாத்த ஒரு முன்னாள் ராணுவத்தார் கையெழுத்தோட குடுங்க. ஒரு மெடல் போதும். மத்தத அவங்களே தேடிக் கண்டுபிடிப்பாங்க.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மச்சானைப் பார்த்தால் முகம் தொங்கிக் கிடக்கிறது. திரும்பி வரும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பதக்கம் எங்கே என்று நேராகவே கேட்டேன்.

“அது அம்மன்கிட்ட இருக்கு மாப்ள” என்றார்.

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. மகனுக்குக் காலில் அடிபட்டது என்று தந்தி வந்த அன்றைக்கு, என் மாமியார் எங்கள் ஊர்க் காளியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்: பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்தால் வெள்ளியில் கால் செய்து சாத்துகிறேன் என்று. பிள்ளை நடந்து வந்துவிட்டான். வெள்ளி வாங்கத்தான் வழியில்லை. மகன் பெட்டியில் பளபளவென்று இரண்டு பதக்கம் இருந்தது. அதை எடுத்து, பத்தரிடம் கொடுத்து வளையம் பற்றவைத்து, அம்மனுக்குச் சாத்திவிட்டார். வெள்ளி என்றே நினைத்துச் சாத்தினார். அது வெள்ளி இல்லை, வேறு உலோகம் என்பது மச்சானுக்கு மட்டும் தெரியும். தாய் மனசு நோகும் என்று அவரிடமே சொல்லவில்லை. கூட்டத்தில் வாய் திறந்தால், சாமியை ஏமாற்றியவள் என்று செத்துப்போனவளைப் பேசுவார்களே என்று அங்கேயும் சொல்லவில்லை. பொய்யன் என்ற பேரைத் தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

டீ ஆறிப்போனது. எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்றது. வழி தெரிந்துவிட்டால் எனக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது.

அம்மன் நகைகள் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வீட்டார்தான் தலைமுறையாக அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். ஆடியில் காப்புக் கட்டுகிற அன்றைக்கு மட்டும்தான் அதைத் திறப்பார்கள். திறந்து, வேப்ப மரத்தடியில் வைத்துப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, அம்மனுக்குச் சாத்துவார்கள். திருவிழா முடிந்தால் மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும். மற்ற நாளில் எவ்வளவு பெரிய மனுஷன் கேட்டாலும் பெட்டி திறக்காது. நானே போய்க் கேட்டுப் பார்த்தேன். பெட்டி வீட்டு அம்மா, வயதானவர், கறாராகச் சொல்லிவிட்டார்.

“சாத்துனதுக்கு அப்புறம் இறக்க மாட்டோம் தம்பி. காப்புக் கட்டுற அன்னைக்கிக் கழுவுவோம்ல, அப்ப வந்து பாத்துக்குங்க.”

ஆடி வரைக்கும் காத்திருந்தேன். அதற்குள் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பதக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட ஒரு ராணுவத்துக்காரர் வேண்டும். மச்சானுக்கு வேண்டிய நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரையும் நான் கூப்பிடவில்லை. என் வியாபாரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரியில் ஏற்றும்போது கட்டு குறைகிறது, ஈரம் இருக்கிறது என்று எவன் அதிகம் சத்தம் போடுகிறானோ, அவன் கையிலேயே எண்ணிக்கையை விட்டுவிடுவேன். அவன் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் உலகத்தில் ஒருவனும் கேள்வி கேட்க முடியாது. அதனால் நேராகக் கிளார்க் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ராணுவ நம்பரைப் படிக்க உங்களை விட்டால் ஊரில் ஆள் யார் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு எந்த மனுஷன் வரமாட்டான்?

காப்புக் கட்டுகிற அன்று வேப்ப மரத்தடியில் கூட்டம். பெட்டி திறந்தது. காசு மாலை, கண்மலர், ஒட்டியாணம் எல்லாம் பித்தளைத் தாம்பாளத்தில் விழுந்தன. காசு மாலையின் நடுவில் பதக்கம் ஒன்று வட்டமாகத் தொங்கியது. நான் தாம்பாளத்தின்மேல் கவிழ்ந்துவிட்டேன். பெட்டி வீட்டு அம்மா அதைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்றுமில்லை. மொழுக்கென்று இருந்தது. வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. மச்சான் மரத்தில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

“இன்னொண்ணு இருக்கணுமே” என்று கத்தினேன். இரண்டு இருக்க வேண்டும் அல்லவா? பெட்டியைக் கவிழ்த்தார்கள். அம்மனின் பின்னல் நகையின் அடியில், சிவப்பு நூல் சுற்றிச் சுற்றிக் கட்டி ஒன்று இருந்தது. சடையில் பாரம் நிற்பதற்காக யாரோ சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதன் நூலை யாரும் பிரித்ததே இல்லை. பெட்டி வீட்டு அம்மாவே பிரித்தார். உள்ளே எண்ணெயும் குங்குமமும் கட்டிபட்டு ஓரத்தை மூடியிருந்தன. இந்தத் தடவை புளி வேண்டாம், துணியால் மெதுவாகத் துடையுங்கள் என்று நான் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சியது குறைவு.

கிளார்க் வெளிச்சத்துக்குத் திருப்பினார். உதடு அசைந்தது. மச்சானிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பதக்கத்தைப் பார்ப்பதும் புத்தகத்தைப் பார்ப்பதுமாக ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துக்கொண்டே போனார்.

“நம்பர் சரி. பேரும் சரி.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இது காயம்பட்டவங்களுக்கு மட்டும் குடுக்குற மெடலுங்க.”

மச்சான் மரத்தை விட்டு நிமிர்ந்தார். “ஆமாங்க. லாரில ஏறினவனுக்குக் குடுக்க மாட்டாங்க” என்றார்.

கிளார்க் முதற்கொண்டு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இந்தச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே, மச்சான் மனசில் இத்தனை காலம் அடைத்துக் கிடந்ததையும் சொல்லிவிட்டார். இது வெள்ளி இல்லை, அம்மாவுக்கு அது தெரியாது என்று. பெட்டி வீட்டு அம்மா பதக்கத்தை மறுபடியும் நூலில் கோத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“வெள்ளி இல்லேன்னு எங்க மாமியாருக்கு அன்னைக்கே தெரியும்பா. தொட்டா தெரியாதா? புள்ள ரத்தம் சிந்துனதுக்குக் குடுத்ததுன்னுதான் வாங்கி வச்சாங்க.”

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

படம் எடுக்க என் மகள் தன் செல்போனைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்தச் செல்போனில் ஓரத்தை எல்லாக் கோணத்திலும் எடுத்தோம். கிளார்க்கே மனுவை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சுதந்திர தினம் கல் இல்லாமலே போனது. கேட்டவர்களுக்குக் குடியரசு தினம் என்று வாய்தா சொன்னேன். சம்பா நட்டு, மழை வந்து, கதிர் முற்றி, என் மெஷின்கள் வயலில் இறங்குகிற நேரத்தில் பதிவுத் தபால் வந்தது.

மச்சான் அதைப் பிரிக்காமலே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிளார்க்கை வரவழைத்தேன். அவர் படித்தார். சண்டைக்கு ஒன்று ஏறிவிட்டது, காயத்துக்கு ஒன்று ஏறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. உச்சிப் பனிமலையில் காவல் இருந்ததற்கு மூன்றாவதாக ஒன்று. அப்படி ஒன்று தனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே மச்சானுக்குத் தெரியாது. மூன்றையும் திருத்தி எழுதி முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள். என் சம்சாரம் அண்ணன் தலையில் கைவைத்துத் திருஷ்டி கழித்தாள். நான் தெருவில் இறங்கி, தீபாவளிக்கு வாங்கி மிச்சம் இருந்த சரவெடியைக் கொளுத்தினேன். ஏழுமலையானுக்கே கல்யாணம் நடந்தாற்போல இருந்தது எங்கள் தெரு.

கல் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மச்சானுக்கு மூன்று பதக்கம் எழுதினால் கீழே இடம் இடிக்கிறதாம். உபயம் என்று என் பெயர் வருகிற வரியைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவரையும் பார்த்தேன், கல்லையும் பார்த்தேன்.

“எதுக்குச் சின்னதாக்கணும்? பெரிய கல்லா எடுங்க” என்றேன்.

குடியரசு தினத்துக்கு முந்தின நாள், வைக்கோல் ஏற்றுகிற என் லாரியில் மெத்தை போல வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கல்லைப் படுக்கவைத்தோம். மச்சானை முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்திலேயே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். டிரைவரை இறக்கிவிட்டு நானே வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவர் கை தன் பெயர் இருக்கிற வரியின் மேலேயே இருந்தது. எங்கள் ஊர் எல்லை வந்ததும் ஹாரனை அழுத்தினேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவே இல்லை.