திருச்செல்வத்தின் மூன்று எழுத்துகள்

மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற எங்களில் திருச்செல்வத்துக்கு மட்டும் ஒரு கிறுக்கு இருந்தது. முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க மாட்டான். அதிலுள்ள மூன்று எழுத்தும் அதே வரிசையில் ஒட்டி வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டே வருவான். பி, இ, ஆர் என்றால் நம்பர், ரப்பர், மெம்பர், டிசம்பர். எண்ணெய் மில்லில் குலை இறக்க வரிசையில் நிற்கும்போது இறங்கி என் ஜன்னலுக்கு வந்துவிடுவான்.

"அழகேசா, பி, ஏ, என். சொல்லு பார்ப்போம்."

"பனானா. போடா, மனுசனைத் தூங்க விடு."

"ஹஸ்பண்ட்ல இருக்குடா. நீ வீட்டுப் பக்கம் போனாத்தானே அதெல்லாம் ஞாபகம் வரும்!"

அவன் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். சொல்கிற வார்த்தைகளில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் பாப்பாவுக்குத் தெரியும்" என்பான். கூச்சமே படமாட்டான்.

பாப்பா என்பது அவனுடைய ஒரே மகள் பிரமிளா. அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது, ஒரே எழுத்துகள் சேர்ந்து வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். மறந்துவிட்டாள். காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரே அழுகை. சிக்னலில் முன்னால் நின்ற காரில் பி, எல், இ. "அழாத பாப்பா. அந்த மூணு எழுத்தும் எதுலலாம் வருது, யோசிச்சுச் சொல்லு" என்றிருக்கிறான். டேபிள், கேபிள், டபுள், டிரபிள். பள்ளி வாசலுக்குப் போவதற்குள் வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்ததுதான். மகளிடம் தோற்கக்கூடாது என்று மில்லில் கணக்கு எழுதும் கிராணியையெல்லாம் நச்சரித்து வார்த்தை சேர்ப்பான். அப்புறம் அவள் ஜெயிக்கட்டும் என்று தெரியாத மாதிரி நடிப்பான்.

பிரமிளா நன்றாகப் படித்தாள். ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இவன் தினமும் காலையில் ஒரு நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். முதலில் அவளிடமிருந்து வார்த்தைகள் வந்தன. பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு அதுவும் இல்லை, பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் கோடு மட்டும். எனக்கு எரிச்சலாக வரும். "அவதான் பதில் போடலையே, அப்புறம் எதுக்குடா அனுப்புற?" என்பேன். "வேலையா இருப்பாடா" என்பான். அவ்வளவுதான்.

போன வருஷம் மில் வரிசையில் அவனுடைய லோரி நகரவில்லை. பின்னால் நின்ற நான் ஹார்ன் அடித்தேன். நாலு வார்த்தை திட்டலாம் என்று இறங்கிப் போய்ப் பார்த்தால், ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடக்கிறான். வாயோரம் கோணியிருந்தது.

உயிர் பிழைத்தான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் வெறும் முனகல். உயிரோடு இருக்கிறானே, அதுவே பெரிய விஷயம் என்று வந்து சொல்லிவிட்டுப் போனவர்களை அறையலாம் போல இருந்தது எனக்கு.

பிரமிளா ஓடி வந்து லீவு முடியும்வரை கூடவே கிடந்தாள். திரும்பிப் போனபிறகு தினமும் வீடியோ காலில் கூப்பிடுவாள். "அப்பா, ஒரே ஒரு தடவை பாப்பான்னு சொல்லுங்கப்பா." அவனும் முயற்சி பண்ணுவான். கழுத்து நரம்பு புடைக்கும், நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். அவன் மனைவி மாதவி தாங்க முடியாமல் போனை வாங்கிக்கொள்வாள். நடக்கவேண்டும், லோரி ஓட்டவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனிடம் இல்லை. அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும்.

ஒருநாள் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு என் காரில் கூட்டிப்போனேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து சீட்டிலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"டேபிள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே நின்ற காரில் பி, எல், இ. "கேபிள். டபுள். டிரபிள்." பழைய குரல், பழைய வேகம். பின் சீட்டில் மாதவி அலறிவிட்டாள். "அண்ணே, பேசுறாருண்ணே! என் சாமி பேசுறாருண்ணே!" பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தவனை அழுதுகொண்டே திட்டினேன்.

மாதவி அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டாள். "பாப்பா, அப்பாவுக்குப் பேச்சு வந்துருச்சு. நீ கிளம்பி வா. உன்னைக் கூப்பிடுவாரு."

பிரமிளா வந்தாள். பையைக்கூட இறக்காமல் அவன் காலடியில் உட்கார்ந்து, "பி, எல், இ" என்றாள். கடகடவென்று சொன்னான். அவள் கைதட்டிச் சிரித்தாள். "சரிப்பா, நான் யாரு? சொல்லுங்க."

அவளையே பார்த்தான். உதட்டை ஒட்டினான், பிரித்தான்.

"டேபிள்."

"இல்லப்பா. நான். என்னைக் கூப்பிடுங்க."

"கேபிள்."

தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். மறுபடியும் அடிக்கப்போனவனை நான்தான் பிடித்தேன்.

மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விளக்கிச் சொன்னாள். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியது தானாக வாயில் வருமாம், சாமி மந்திரம் வருவதுபோல. ஒருவரைப் பார்த்துக் கூப்பிடுவது வேறு. மூளையில் அந்த இடம் ரொம்பவே பாதித்துவிட்டது, இனிமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றாள்.

பிரமிளா ஜொகூருக்குக் கிளம்பிய அன்று அவளை பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் வந்திருந்தேன். குனிந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளுடைய கையை விடவில்லை. ஏதோ சொல்லவேண்டும் என்று தவித்தான். வந்ததெல்லாம் அந்த வார்த்தைகள்தான். "டபுள். டிரபிள். டேபிள்." கண்ணில் நீர் வழிய வழிய, எதில் பாப்பா இருக்கிறாள் என்று தேடுகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான். அவளால் பார்க்க முடியவில்லை. உள்ளங்கையால் மெதுவாக அவன் வாயை மூடினாள்.

"போதும்பா. ஒண்ணும் சொல்லவேணாம்பா. எனக்குத் தெரியும்."

சரி என்று தலையை ஆட்டினான்.

அன்றிலிருந்து அவன் வாயைத் திறப்பதே இல்லை. காரில் உட்காரவைத்து எந்த எழுத்தைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "டேபிள்னாவது சொல்லுங்களேன், உங்க குரலைக் கேக்கணும்" என்று மாதவி கெஞ்சுகிறாள். மாட்டேன் என்று தலையசைக்கிறான். வேண்டாம் என்று பாப்பா சொல்லிவிட்டாள். அவள் பேச்சை அவன் என்றைக்குத் தட்டியிருக்கிறான்?