பம்பாயில் விமானம், மீனாட்சிபுரத்தில் மாடு

எங்கள் பால் சங்கத்திலிருந்து குஜராத்துக்குப் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்பலாம் என்று முடிவானபோது, போகிறேன் என்று கை தூக்கியவள் நான் ஒருத்திதான். இன்னொரு ஆளாக எங்கள் தோட்டத்தை ஒட்டிய தோட்டத்து அக்காவை நானே பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரத்துப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிற எல்லோரையும் போல அவரும் விடிவதற்கு முன் எழுந்து பால் கறந்து கேனில் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். விமானம் என்றால் அவருக்குப் பயமில்லை. முதல் கன்று போடப்போகும் தலையீத்துக் கிடாரி ஒன்று சினையாக நின்றது, அதை விட்டுவிட்டு வரத்தான் மனமில்லை.

"கன்னு போடறதுக்கு இன்னும் நாளிருக்குதுங்கக்கா. நாம ஒரு வாரத்துல வந்தர்லாமுங்க" என்றேன்.

"மாடு காலண்டர் பாத்தா கன்னு போடுது?" என்றார் அக்கா. ஆனாலும் புடவையை எடுத்து வைத்தார்.

போகும்போதே அந்த விமானக் கம்பெனியின் லட்சணம் தெரிந்துவிட்டது. கிளம்பும் நேரத்தை மாற்றியிருந்தார்கள். மாற்றிய சேதி என் கைபேசிக்கு வந்தபோது நாங்கள் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குள் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஒருவழியாக ஏறினால், என் இருக்கையின் முதுகு நிமிர்ந்து நிற்கவில்லை. விமானம் மூக்கைத் தூக்கியதும் நான் பின்னால் இருந்தவரின் முழங்காலில் போய்ச் சாய்ந்தேன். அக்காவின் தலைக்கு மேலே இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பணிப்பெண் ஒரு கத்தைக் காகிதக் கைக்குட்டையைக் கொண்டுவந்து அந்த இடுக்கில் திணித்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அது ஊறிப்போய் அக்காவின் மடியில் விழுந்தது.

"மழை பேஞ்சா நம்ம கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுலயும் இப்படித்தான் ஒழுகும்" என்றார் அக்கா. "ஆனா அதுல எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிக்கலாம்."

பயிற்சி நன்றாகவே இருந்தது. அதைப் பற்றி எழுத வரவில்லை. திரும்பி வந்த நாளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

காலையில் அகமதாபாத்தில் ஏறிப் பம்பாயில் இறங்கினோம். அங்கே வேறு விமானம் மாறி மத்தியானத்துக்குள் கோயம்புத்தூர் சேர வேண்டும். பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக 'தாமதம்' என்று போட்டிருந்தது. விமானம் ஏறும் வாசலில் சீருடையில் நின்ற பெண்ணிடம் போய்க் கேட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர் காலேஜில் படித்த இங்கிலீஷ், பல வருடமாகப் புழங்காமல் கிடந்தது. அரை மணி நேரம் என்றாள். அரை மணி கழித்துப் போனேன். அப்போதும் அரை மணி என்றாள். மூன்றாவது தடவை போனபோது அந்தப் பெண் இல்லை. அவள் இடத்தில் இருந்த பையன், இது உங்கள் வாசலே இல்லை, மாற்றிவிட்டோம் என்றான். புது வாசல் அந்தக் கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அங்கே போய் உட்கார்ந்து கால் நீட்டியதும், பழைய வாசலுக்கே வாருங்கள் என்று அறிவித்தார்கள்.

மத்தியானம் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தார்கள். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனிக் கூப்பனை வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்று கையை விரித்தார். என்ன நடக்கிறது என்பதை யாராவது வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும். அங்கே சீருடை போட்டிருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை, அல்லது சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். அக்காவிடம் பொத்தான் போன்தான் இருந்தது. என் போனில் பார்த்தால், அக்காவின் வீட்டில் மாடு கட்டும் கட்டுத்தரை தெரிந்தது. கிடாரி படுத்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பனியனோடு, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு நின்றார்.

"ஏப்புள்ள, ஒத்தக் கால்தான் வெளிய வருது. மிருகாஸ்பத்திரிக்குப் போன் போட்டா டாக்டரு சித்தூருக்குப் போயிட்டாராமா. வாரதுக்கு நேரமாகுமாம்" என்றார். வீட்டில் கன்று போடும் சமாச்சாரமெல்லாம் எப்போதும் அக்காதான் பார்ப்பார். இவர் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற ஆள்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"தல தட்டுப்படுதுங்களா?"

"தல இருக்குது. இன்னொரு காலக் காணோம்."

"மடங்கிக் கெடக்கும். அது முக்கறப்ப ஒண்ணும் பண்ணாதீங்க. முக்கி ஓஞ்சதுக்கப்பறம் கன்ன மெதுவா உள்ளுக்குத் தள்ளுங்க. தள்ளீட்டு அந்தக் காலத் தேடுங்க. கெடச்சா குளம்ப உள்ளங்கைக்குள்ள மூடிப் புடிச்சுக்கிட்டு முன்னால கொண்டாங்க. குளம்பு கிழிச்சுப்புட்டா மாடு போயிரும்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

அதே சமயத்தில் எங்கள் விமானத்துக்கு உடனே வரச் சொல்லி அறிவித்தார்கள். காலையிலிருந்து இல்லாத அவசரம். வரிசை நகர்ந்து, கூட்டம் கரைந்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சம். வாசலில் நின்ற பெண்ணிடம் ஓடினேன். ஐந்து நிமிடம் பொறுங்கள், வீட்டில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "உங்களால்தான் விமானம் தாமதமாகிறது. வராவிட்டால் கதவை மூடிவிடுவோம்" என்றாள். நாள் முழுக்க எங்களைக் காக்க வைத்துவிட்டு அப்படிச் சொன்னாள்.

திரும்பி ஓடி வந்தேன். "அக்கா, கதவ மூடறாங்களாமா."

"மூடட்டும்."

அவரை விட்டுப் போக முடியாது. இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பி நடத்தினேன். அவர் கண் போனில்தான் இருந்தது. வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் பேருந்தில் ஏறினோம். பேருந்தில் கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருவர் இருந்தார். "என்னாச்சுங்க?" என்று கேட்டு, தெரிந்துகொண்டதும் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார். விமானப் படியில் ஏறும்போதுதான் போனில், "கால் கெடச்சுருச்சு புள்ள, வருது வருது" என்ற குரல் கேட்டது.

"இப்ப ரெண்டு காலையுஞ் சேத்திப் புடிச்சுக்கங்க. அது முக்கறப்ப மட்டும் இழுங்க. நேரா இழுக்காதீங்க, கீழ் முகமா இழுக்கோணும்."

இருக்கையில் உட்கார்ந்ததும் பணிப்பெண் வந்து நின்றாள். போனை அணைக்கச் சொன்னாள். ஒரு நிமிடம் என்று கெஞ்சினேன். விமானம் கிளம்பப் போகிறது, அணைக்காவிட்டால் இறக்கிவிட வேண்டியிருக்கும் என்றாள். கன்றின் மூக்கு நுனி வெளியே தெரிந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பைத் துண்டிக்கச் சொல்லி என்னிடம் போனைக் கொடுத்தார்.

விமானம் கிளம்பவில்லை.

கதவு திறந்தபடியே இருந்தது. ஏசி ஓடவில்லை. குழந்தைகள் அழுதன. காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டு எல்லோரும் வேர்வையில் நனைந்தோம். முன்வரிசையில் யாரோ சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விமானத்தை ஓட்ட வேண்டிய விமானி இன்னும் வந்து சேரவில்லை. அவர் வேறு ஊரிலிருந்து இதே கம்பெனியின் இன்னொரு விமானத்தில் வந்துகொண்டிருந்தாராம். அதுவும் தாமதமாம்.

நான் அக்காவிடம் சொன்னேன். அவர் இருக்கை வாரை அவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டறதுக்கு ஆளே இல்லாமயா நம்மள இத்தன வெரசலாக் கூட்டியாந்து அடச்சாங்க?"

போனைப் போட்டு மறுபடி கூப்பிடச் சொன்னார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம், எடுக்கவில்லை. பணிப்பெண் பார்த்தாள், இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை மணி அடிக்கும்போது விமானி வந்துவிட்டார். கதவை மூடினார்கள். போனை அணைத்தோம்.

வழி முழுக்க அக்கா கைகளை மடியில் கோத்து வைத்து, எதிர் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. வற்புறுத்திக் கூட்டி வந்தவள் நான்தானே. அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். விற்பனை வண்டி வரும் என்றார்கள். வண்டி வந்தபோது தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார்கள். கோயம்புத்தூர்க்காரப் பெண் தன் பாட்டிலை நீட்டினார். அதில் அடியில் கொஞ்சம் இருந்தது. அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இறங்கப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில், கோயம்புத்தூரில் இறங்கவில்லை, கொச்சிக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். காரணம் சொன்னது கரகரவென்று யாருக்கும் விளங்கவில்லை.

கொச்சியில் சக்கரம் தரையைத் தொட்டதும் நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

"கன்னு பொழச்சுருச்சு. கெடாரிக் கன்னு. மூச்சே இல்லாம விழுந்துச்சு. வைக்கோல்ல தேச்சு, மூக்குல குச்சி உட்டு ஆட்டுனோம். தும்முச்சு."

"மாடு?" என்றார் அக்கா.

"மாடு எந்திரிக்க மாட்டேங்குது. டாக்டரு காத்தால வாரேன்னுருக்காரு."

அக்கா தலையாட்டினார். அப்போதுதான் அவர் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "தண்ணி வெச்சீங்களா அதுக்கு? வெதுவெதுன்னு வெக்கச் சொல்லுங்க" என்றார்.

கொச்சியில் பெட்டிகள் வரவில்லை. சுற்றிச் சுற்றி ஓடிய பட்டையில் ஒரு குழந்தை வண்டி மட்டும் வந்தது. எங்கள் எல்லோருடைய பெட்டியும் பம்பாயிலேயே நின்றுவிட்டது. கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் இப்போது வரும் என்று மலையாளத்தில் பதில் வந்தது. கடைசியில் பயணிகள் சிலர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். பாலக்காட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஜீப்போடு வந்து நின்றார். வீடு சேரும்போது வெளுத்திருந்தது. அக்கா வீட்டுக்குள் போகவில்லை. கசங்கிய பட்டுப் புடவையோடு நேராகக் கட்டுத்தரைக்குப் போய் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினார். மத்தியானம் போல மாடு எழுந்து நின்றது.

பெட்டிகள் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் கோயம்புத்தூருக்கு நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அக்காவின் பெட்டியில் ஜிப் பிய்ந்திருந்தது. குஜராத்தில் வாங்கி உள்ளே வைத்திருந்த இனிப்பெல்லாம் எறும்பு. நான் புகார் எழுதினேன். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், ஒரு வார்த்தை மாறாமல்.

அப்புறம் ஒருநாள் அக்காவும் நானும் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பயணம் எப்படி இருந்தது என்று கேட்டு அந்தக் கம்பெனியின் பதிவு செய்த குரல். என்னவென்று கேட்ட அக்கா, அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க, கேளுங்க" என்று ஆரம்பித்தார். தலைக்கு மேல் சொட்டிய தண்ணீரிலிருந்து எறும்பு மொய்த்த இனிப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் எப்போதோ துண்டித்துவிட்டார்கள்.

"அக்கா, அது மெசினுங்க. ஆளில்ல" என்றேன்.

"தெரியுது அம்மிணி. அங்க ஆளுன்னு ஆருதான் இருந்தாங்க?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த வரப்புக்கு நகர்ந்தார்.